இரண்டு பூனைகளோடு நிதானமாக ஒரு கார் பயணம்: கூட்டிப் போகலாமா, விட்டுவிட்டுப் போகலாமா?

#1 ஜன்னலோரம்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, இதுதான் என் முதல் கேள்வி.

வீட்டில் இரண்டு பூனைகள். மிளகு, 6 வயது ஆண், கருத்தடை ஆனவன், கொஞ்சம் குண்டு, யார் வந்தாலும் மடியில் ஏறிவிடுவான். சோழி, 3 வயதுப் பெண், வாசல் மணி அடித்தாலே அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். எனக்கும் கணவருக்கும் 16 நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. அவசரமே இல்லாமல், பிடித்த இடத்தில் நின்று, அலுக்கும்வரை இருந்து, காரிலேயே சுற்றிவிட்டு வர ஆசை. போக வர எல்லாம் சேர்த்து 1,200 கிலோமீட்டருக்குள்தான்.

பூனைகளையும் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் வார்) மாட்டி, நிழலில் கொஞ்சம் நடக்க விட்டு, தண்ணீர் காட்டி, திரும்பக் கிளம்புவது என்று திட்டம். ஒன்பது இடம் குறித்து வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் போகும் பத்து நிமிட வழியில் சோழி கத்துகிற கத்தலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? கிளம்ப இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

#2 வாசல்மணி

நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விட்டுவிட்டுப் போங்கள்.

நாய் ஆளோடு ஒட்டிக்கொள்ளும், நாம் இருக்கிற இடம் அதற்குப் போதும். பூனை இடத்தோடு ஒட்டிக்கொண்ட பிராணி. எந்த மூலையில் என்ன வாசனை, எந்நேரம் எந்த ஜன்னலில் வெயில் விழும் என்று தெரிந்திருப்பதுதான் அதன் நிம்மதி. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்பது இடத்தில் இறக்குவது, 16 நாளில் ஒன்பது தடவை வீடு மாற்றுவது மாதிரி. தெரிந்தவர் யாராவது காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்து, மணலை அள்ளிவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். மணியடித்தாலே ஒளிகிற பூனைக்கு அதுதான் விடுமுறை.

(என் பெயரைப் பார்த்து சோழி ஒளிந்துகொள்ள வேண்டாம்.)

#3 பழையசக்கரம்

வாசல்மணி சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஆனாலும் நான் மறுபக்கம். நாலு வருடமாக வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம் இரண்டு பூனைகளோடு போய் வருகிறோம்.

ஜன்னலோரம், உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது அந்த மணிக்கொரு நிறுத்தம்தான். அது நாய்க்குப் போடுகிற திட்டம். பூனைக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன். வண்டி கிளம்பியதும் கத்தும். எங்கள் பெரியவன் இருபது, இருபத்தைந்து நிமிடம் கத்துவான், ஒரே சுருதி. கூண்டின் கம்பிக் கதவு இடுக்கில் ஒரு காலை விட்டு என் முழங்கையைத் தேடுவான். பிறகு குரல் இறங்கும். இரண்டு கத்தலுக்கு நடுவே இடைவெளி நீளும். கடைசியில் முன்கால் இரண்டையும் மார்புக்கடியில் செருகிக்கொண்டு, காது மட்டும் பின்பக்கம் திரும்பியபடி, கண்ணை அரைவாசி மூடுவான். சரியாக அந்த நேரத்தில் நீங்கள் ஓரங்கட்டினால் என்ன ஆகும்? இன்ஜின் அடங்குகிறது, கதவு திறக்கிறது, புதுக் காற்று, லாரி ஹாரன், தெரியாத நாய் காலைத் தூக்கிவிட்டுப் போன வாடை. முழுதாக விழித்துக்கொள்வான். திரும்பக் கிளம்பினால் முதலிலிருந்து இருபது நிமிடம். நாலு தடவை நிறுத்தினால் நாலு கச்சேரி. இறங்கிக் கை காலை நீட்டுவது நமக்கு ஓய்வு. அவனுக்கு அது தூக்கம் கலைகிற இடம்.

அதனால் நிதானத்தை வேறு இடத்தில் வையுங்கள். வழியில் நிற்பதைக் குறைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் தங்குவதை நீட்டுங்கள். நாங்கள் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. நடுவில் நமக்காக ஒரே நிறுத்தம், அப்போதும் ஒருவர் வண்டியிலேயே இருப்பார். ஓர் இடத்தில் குறைந்தது மூன்று இரவு. முதல் நாள் பூனை கட்டிலடியில் கிடக்கும். இரண்டாம் நாள் சுவரோரமாக அறையை முகர்ந்து வரும். மூன்றாம் நாள்தான் ஜன்னலில் ஏறும். இரண்டாம் நாளே பெட்டி கட்டுகிறவர்களின் பூனை ஊர் ஊராகக் கட்டிலடி பார்த்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

16 நாளுக்கு நாலு இடம். அதற்கு மேல் வேண்டாம்.

#4 ஜன்னலோரம்

நாலா! ஒன்பது இடத்தையும் வரைபடத்தில் வண்ணமெல்லாம் போட்டு வைத்திருக்கிறேனே.

சரி, இரண்டு சந்தேகம். மூன்று மணி நேரம் மூத்திரம் போகாமல் இருக்குமா? மிளகை மட்டும் கூட்டிக்கொண்டு சோழியை வாசல்மணி சொன்ன மாதிரி வீட்டில் விட்டால் என்ன?

#5 பழையசக்கரம்

மூன்று மணி நேரம் ஒன்றுமே இல்லை. ஓடுகிற வண்டியில் மணல் தட்டு வைத்தாலும் பெரும்பாலான பூனைகள் போகாது. கூண்டுக்குள் ஒரு உறிஞ்சு விரிப்பைப் போட்டு மேலே பழைய துண்டு ஒன்று போடுங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தட்டை வையுங்கள், நம் பெட்டியெல்லாம் அப்புறம். வீட்டில் போடுகிற அதே மணலாக இருக்கட்டும். ஏற்கெனவே உபயோகித்த மணலில் ஒரு பிடி கலந்துவிட்டால் இடம் எது என்று உடனே புரிந்துகொள்ளும்.

#6 மருந்துப்பெட்டி

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் கூட்டிப் போவது பார்க்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஆனால் பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வது வாசனையால். வேறு வாசனையோடு ஒன்று திரும்பி வந்தால், வருடக்கணக்காக ஒன்றாகப் படுத்த பூனையே சீறும். ஒரே ஒரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போன பூனைக்கே வீட்டில் இந்த வரவேற்பு கிடைப்பதை அடிக்கடி கேட்கிறோம். 16 நாள் என்றால் திரும்பி வந்ததும் இரண்டையும் தனித்தனி அறையில் வைத்து மெதுவாகச் சேர்க்க வேண்டி வரலாம். என்னைக் கேட்டால், இரண்டும் வரட்டும் அல்லது இரண்டும் இருக்கட்டும். வந்தால் ஆளுக்கொரு கூண்டு. பயந்துபோன பூனை பக்கத்தில் இருப்பதைத்தான் அடிக்கும்.

இருக்கிற ஏழு வாரத்தைக் கூண்டுப் பழக்கத்துக்குச் செலவழியுங்கள். வியன்னாவில் 22 பூனைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பூனைகளுக்கு ஆறு வாரத்தில் 28 தடவை கூண்டிலும் வண்டியிலும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவை வண்டியில் தெளிவாகவே அமைதியாக இருந்தன. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கூண்டைப் பரணிலிருந்து இறக்குவதே மருத்துவரிடம் வருகிற அன்றுதான். பூனையின் கணக்கில் அந்தக் கூண்டு என்றால் ஊசி. இன்றைக்கே எடுத்து, கதவைக் கழற்றிவிட்டு, கூடத்தில் போடுங்கள். சாப்பாட்டை முதலில் வாசலில், பிறகு உள்ளே, பிறகு கடைசி மூலையில் வையுங்கள். உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு கதவு. அப்புறம் தூக்கி நாலடி நடப்பது, நிற்கிற காரில் உட்கார்வது, இன்ஜினை மட்டும் போடுவது, ஐந்து நிமிடச் சுற்று. எங்காவது சாப்பாட்டை மறுத்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

மருந்து பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காபாபென்டின் என்றொரு மருந்தைப் பயணப் பயத்துக்கு மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுப்பது வழக்கம். அளவு எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது. எழுதிக் கொடுத்தால் பயணத்தன்று முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள், வீட்டில் ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். சில பூனைகள் தள்ளாடும், சோபாவில் ஏறப் போய் விழும். அதை வீட்டில் பார்ப்பது நல்லது. வாந்திக்கு மாரோபிடன்ட் இருக்கிறது, அது தனி. நம் மாத்திரைப் பெட்டியிலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தும் அப்படியே, அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

#7 சும்மாவந்தேன்

பூனை பயணத்துக்கு ஆகாது என்பவர்கள் டிரிம் என்ற பூனையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். 1799-ல் கப்பலிலேயே பிறந்தது. மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடியோடு ஆஸ்திரேலியாவை முழுச் சுற்று சுற்றி வந்தது. மணிக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லி அது கேட்டதாகத் தெரியவில்லை.

#8 வாசல்மணி

சும்மாவந்தேன், டிரிம்முக்குக் கப்பல்தான் வீடு. பிறந்ததே அங்கே. நான் சொன்னதற்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், நன்றி.

#9 சும்மாவந்தேன்

ஐயோ, ஆமாம்.

#10 தாவிக்குதி

சிரிப்புக்கு நடுவே ஒரு கசப்பான விஷயம் சொல்கிறேன். அந்த "ஹார்னஸ் மாட்டி நிழலில் நடக்க விட்டு" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருடம் முன்பு நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். என் பூனை சாம்பல், வீட்டில் ஹார்னஸோடு மாதக்கணக்கில் நடந்து பழகியவள். கூண்டைத் திறந்து வாரைப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு லாரி காற்று பிரேக்கை விட்டது, அந்த "புஸ்" சத்தம். முன்னால் ஓடவில்லை, பின்னால் போனாள். உடம்பைச் சுருக்கி, தோளை உள்ளே இழுத்து, இரண்டு நொடியில் ஹார்னஸ் காலியாக என் கையில். பூனை முன்னால் இழுத்தால் ஹார்னஸ் தாங்கும், பின்வாங்கினால் கழன்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கேயே ஐந்து இரவு தங்கினோம். முதல் இரண்டு நாள் நான் செய்தது எல்லாம் தப்பு. பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு சாலை ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தேன். பயந்த பூனை கூப்பிட்டால் வராது, மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். காணாமல் போய்க் கிடைத்த பூனைகளைப் பற்றி 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. அவற்றில் முக்கால்வாசி தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன. சுவரொட்டியை விட, கால் நடையாகப் போய்க் குனிந்து தேடியதுதான் பலன் கொடுத்திருக்கிறது. மூன்றாம் இரவிலிருந்து டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடினேன். கண் பளபளக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாம் இரவு இரண்டு மணிக்கு, நாங்கள் வண்டி நிறுத்திய இடத்திலிருந்து எண்பது அடிகூட இருக்காது, பழைய தண்ணீர்க் குழாய்களை அடுக்கியிருந்த இடத்தில் ஒரு குழாய்க்குள் இருந்தாள். நான் அந்தப் பக்கமாக இருபது தடவையாவது போயிருப்பேன்.

எனவே, வண்டிக் கதவு திறந்திருக்கும்போது கூண்டு மூடியிருக்கட்டும். கூண்டு திறக்க வேண்டுமென்றால் வண்டிக் கதவும் ஜன்னலும் மூடியிருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது யார் கதவைத் தொட்டாலும் மற்றவர் "கூண்டு?" என்று கேட்போம்.

#11 மருந்துப்பெட்டி

தாவிக்குதி, படிக்கும்போதே கை சில்லிட்டது. கிடைத்தாளே, அது போதும்.

ஜன்னலோரம், இரண்டுக்கும் சிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா? இருந்தால் அதில் பதிந்த தொலைபேசி எண் இப்போதும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். எங்களிடம் வரும் பூனைகளில் சிப் இருந்தும் எண் பழையதாக இருப்பது சகஜம்.

#12 வாசல்மணி

நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் எப்படியும் போகப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் ஒன்று.

"ஐந்து நிமிடம்தானே, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போகலாம்" என்று போகாதீர்கள். 2005-ல் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே. ஜன்னலை இடுக்கு அளவு திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே இதமாக இருக்கிற நாளிலும் இதே கதைதான். பழையசக்கரம் "ஒருவர் வண்டியிலேயே இருப்பார்" என்று போகிற போக்கில் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான வரி.

#13 மருந்துப்பெட்டி

கூடவே: பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைத்தால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். வண்டியைக் குளிர்ச்சியாக்கி நிறுத்துங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பக்கத்தில் எந்த மருத்துவர் இருந்தாலும் போங்கள். அதேபோல் மிளகு ஆண் பூனை. தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அடைப்பு அன்றைக்கே பார்க்க வேண்டியது. குண்டுப் பூனை பட்டினி கிடப்பதும் ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும். புது இடத்தில் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம், இரண்டாம் நாளும் வாயே வைக்கவில்லை என்றால் கவனியுங்கள். தங்கும் ஒவ்வோர் இடத்திலும் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

#14 பழையசக்கரம்

மருத்துவர் பட்டியலோடு என் பங்குக்கு அறைப் பட்டியல். உள்ளே நுழைந்ததும் பூனையைத் திறக்காதீர்கள். முதலில் நீங்கள் தரையில் தவழுங்கள். கட்டில் பெட்டி மாதிரி இருந்தால் அடியில் துணி கிழிந்திருக்கிறதா பாருங்கள், அந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறிவிட்டால் கட்டிலைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. எங்கள் சின்னவளை எடுக்க விடுதி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சமையல் மேடைக்கு அடிப்பலகை, குழாய் போகிற ஓட்டை, எல்லாவற்றையும் தலையணை, துண்டு வைத்து அடையுங்கள். மேசையில் பூச்சாடி இருந்து அதில் லில்லிப் பூ இருந்தால் அறைக்கு வெளியே. மகரந்தம் ரோமத்தில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

பிறகு குளியலறையில் தட்டு, தண்ணீர், கூண்டு மூன்றையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கதவை மட்டும் திறந்து வையுங்கள். வெளியே கொண்டுவராதீர்கள், வரும்போது வரட்டும்.

காரில் கூண்டு வைக்க நல்ல இடம் முன் இருக்கைக்குப் பின்னால், கீழே கால் வைக்கிற பள்ளம். கூண்டு அங்கே சிக்கென்று உட்கார வேண்டும். முன் இருக்கையில் வேண்டாம், ஏர்பேக் இருக்கிறது. மேலே மெல்லிய துணி, ஒரு பக்கம் காற்று வர விட்டு.

கிளம்பும் நாளில் முதலில் பூனையைப் பிடித்துக் கூண்டில் வைத்துவிட்டு அப்புறம் பெட்டி கட்டுங்கள். மாற்றிச் செய்தால் பெட்டியின் சத்தம் கேட்டதுமே காணாமல் போகும்.

#15 ஜன்னலோரம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சோழிக்குக் கூண்டு பிடித்துவிட்டது. இரண்டாம் வாரத்திலிருந்தே அதற்குள்தான் தூக்கம், இப்போது வாசல் மணி அடித்தால் அலமாரிக்குப் போவதில்லை, கூண்டுக்குப் போகிறாள். ஒரு மணி நேரச் சோதனை ஓட்டத்தில் பதினைந்து நிமிடம் முணுமுணுத்தாள், அப்புறம் சத்தமே இல்லை. கவலையே படாமல் இருந்த மிளகுதான்! கிளம்பிய பத்தாம் நிமிடம் உதட்டை நக்க ஆரம்பித்தான், தாடை முழுக்க எச்சில், மூன்றாவது வளைவில் வாந்தி. கத்தவே இல்லை. பரிதாபமாகப் பார்த்தான்.

#16 மருந்துப்பெட்டி

அது பயம் இல்லை, குமட்டல். உதட்டை நக்குவதும் எச்சிலும்தான் அடையாளம். மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், வாந்தி மருந்து வேறு, பய மருந்து வேறு. கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். அதிகாலையில் கிளம்பினால் இது தானாக நடந்துவிடும், போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு. வளைவுகளில் ஓட்டுகிறவரின் கால் மெதுவாக இருக்கட்டும்.

#17 ஜன்னலோரம்

ஓட்டுகிறவரிடம் காட்டிவிட்டேன். "பூனைக்காக என்றால் மெதுவாகப் போவாராம், இத்தனை வருடம் எனக்காகப் போகவில்லையே" என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

#18 ஜன்னலோரம்

இரண்டாவது தங்குமிடத்திலிருந்து எழுதுகிறேன். இது பயணத்தின் எட்டாம் நாள். நாலு இடம் என்றீர்கள், நாங்கள் மூன்றாகக் குறைத்துவிட்டோம்.

முதல் இடத்தில் மிளகு ஒரு பகல், ஓர் இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஈர உணவைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, வீட்டில் அவன் சாப்பிடுகிற அதே தட்டில் வைத்ததும் பாதியைத் தின்றான். மருத்துவர் கொடுத்த வாந்தி மருந்துக்குப் பிறகு காரில் ஒரு சொட்டு எச்சில் இல்லை. ஆனால் உடம்பு சரியானதும் கத்த ஆரம்பித்துவிட்டான், இருபத்திரண்டு நிமிடம், பழையசக்கரம் சொன்ன கணக்கு.

இந்த வீட்டுக்கு வந்து நாலு நாள். நாளைக் காலை கிளம்புவதாக இருந்தது. இன்று மாலை சோழி தானாக வெளியே வந்து, அறையின் நடுவில் நின்று ஒரு தடவை உடம்பை நீட்டிவிட்டு, வலை போட்ட ஜன்னல் திண்டில் ஏறினாள். வெளியே ஒரு கிளையில் ஏதோ சின்னக் குருவி. தாடை படபடவென்று அடிக்க "கக்கக்கக்" என்று ஒரு சத்தம், வீட்டு ஜன்னலில் செய்வதே. கணவர் காலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருக்கலாமா என்று கேட்டார். அறையும் காலியாக இருக்கிறதாம், நீட்டிவிட்டோம்.

#19 வாசல்மணி

அந்த ஜன்னல் வலையைக் கையால் தள்ளிப் பார்த்தீர்களா?

#20 ஜன்னலோரம்

பார்த்தேன். கீழ் ஓரம் கொஞ்சம் தளர்வு. ஜன்னலை மூடிவிட்டேன், கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறாள். குருவி போய்விட்டது, இவள் இறங்குவதாக இல்லை.